தேர்ச்சீலைக்கு யார் ஆர்டர் கொடுப்பது?

சிதம்பரம் வீதிகளில் தையற்கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘ஆரி வொர்க் செய்து தரப்படும்’. அதற்குக் கீழேயே, ‘கற்றுத் தரப்படும்’. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலும் இதே கதைதான். முன்பெல்லாம் கல்யாண ரவிக்கை என்றால் புடவையோடு வந்த துணியை வெட்டி, கையில் ஜரிகைக் கரையை வைத்துத் தைத்தால் முடிந்தது. இன்று ரவிக்கையின் கூலி புடவை விலையை எட்டிப் பிடிக்கிறது. பெண்வீட்டார் முகூர்த்தப் புடவை எடுத்த கையோடு முதலில் ஓடுவது ஆரிக்காரம்மாவிடம்.

இந்த வேலையைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். மயிலோ மாங்காயோ, டிரேசிங் பேப்பரில் வரைந்த கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தித் துளை போடுகிறார்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துவிட்டுத் தாளை எடுத்தால், பட்டின் மேல் புள்ளிப் புள்ளியாக மயில் நிற்கிறது. அப்புறம்தான் கொக்கி ஊசி. ஒரு கை சட்டத்துக்கு மேலே ஊசியைக் குத்தி எடுக்க, இன்னொரு கை கீழே இருட்டில் நூலைக் கொக்கியில் மாட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். கீழ்க்கை எங்கே இருக்கிறது என்று கண் பார்ப்பதே இல்லை. பயிற்சி வகுப்பில் பெண்கள் முதல் வாரம் அழுவது இந்தக் கீழ்க்கையை நினைத்துத்தான்.

தாளில் துளையிட்டுப் பொடி தூவும் இந்த உத்தி யூடியூபில் வந்தது என்றுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் சோழமண்டலக் கரையில் இதற்குப் பழைய எழுத்துச் சாட்சியே இருக்கிறது. 1742 ஜனவரியில் கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், இங்கே சீலையில் சித்திரம் எழுதுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தன் நாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தொழில் தெரிந்த, கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. தாளில் வரைந்து, ஊசியால் துளைத்து, கரித்தூளைத் தட்டித் துணியில் இறக்கும் முறை அதில் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய் மட்டும்தான் புதுசு.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1734-ஐ ஒட்டி, போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில் இன்னும் சாமர்த்தியமாக ஒன்று செய்தார். தன் கண்முன்னே ஒரு சீலையை எழுதச் சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. பச்சையாகச் சொன்னால் அது தொழில் உளவு. பிரான்ஸில் இந்தச் சீலையை இறக்கவும் அச்சடிக்கவும் உடுத்தவும் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. தடை இருந்த காலத்திலேயே ரகசியத்தைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரகசியம் என்ன? சீலையை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பக்கவாட்டில் கசிந்து பரவாமல் தடுக்கும். காயவைத்து, மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பைப் புளித்த நீரில் ஊறப்போட்டு எடுத்த கரைசல். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை, படிகார நீரைத்தான் தீட்டுவார்கள். பிறகு முழுச் சீலையையும் சாயவேர்க் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் லேசாக ஏறிய செம்மையை ஆட்டுப் புழுக்கை கரைத்த தண்ணீரில் அலசி வெயிலில் போட்டுப் போட்டு வெளுப்பார்கள். நீலம் தனிக் கதை: நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் தேன்மெழுகைப் பூசி, சீலையை அவுரிச் சாயக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அது வேறு ஆள், வேறு தொட்டி. கடைசியில் மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை. மஞ்சள் மட்டும் வெயிலில் நிற்காது. அதனால்தான் லண்டன் அருங்காட்சியகத்திலுள்ள பழைய சீலைகளில் இலையெல்லாம் இன்று நீலமாக இருக்கிறது. எழுதியவர் பச்சையாகத்தான் எழுதினார்.

இவ்வளவுக்கும் ஆதாரம் ஒரு சின்னச் செடி. சாயவேர், சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்பது. கடலோர மணலில் தரையோடு படரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வேர் நன்றாகச் சிவக்கும். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரையிலான கரைக்கு இப்படிப்பட்ட மணலுக்குப் பஞ்சமில்லை. அவுரிக்கும் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பேர்போனது. கப்பல்காரன் ஒருவன் பின் ஒருவனாக இங்கே வந்து நங்கூரம் போட்டதில் ஆச்சரியமில்லை. செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர் 1608-இலேயே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றினார்கள். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை கிராமங்கள் சொந்தம் என்பது ஒப்பந்தம். சுட்டுப் பார்த்து எல்லை பிடித்தார்கள். புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டியது அப்போதைய சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். அவர் 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கில் பெரும்பகுதி துணிதான். விற்றதில் 562 பவுண்டு தேறியது. சோழமண்டலக் கரையில் சேர்த்த காசு என்பதால் அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் கடலூருக்கும் இரண்டு செங்கல் உண்டு என்று உரிமை கொண்டாடலாம்.

இந்தச் சீலைகள் மேற்கே ஏற்படுத்திய கலவரம் கொஞ்சநஞ்சமல்ல. துவைத்தால் சாயம் போகாத, துவைக்கத் துவைக்கச் சிவப்பு ஏறுகிற பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் புதுசு. படுக்கை விரிப்பு, சன்னல் திரை, பிறகு சீமாட்டியின் கவுன், அப்புறம் வேலைக்காரியின் கவுன். கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் வயிற்றில் அடி விழுந்தது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இந்தியச் சீலை உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள், திராவகம் ஊற்றினார்கள். 1700-இல் இறக்குமதிக்குத் தடை போட்ட லண்டன் நாடாளுமன்றம், 1721-இல் உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டது. கிழக்கே இப்படிச் சண்டை இல்லை. சயாம் அரண்மனைக்கு அவர்கள் கேட்ட உருவங்களோடு சீலை போனது. ஜப்பானில் தேநீர்ச் சடங்குப் பொருள்களுக்கு உறை தைத்தார்கள். சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் சோழமண்டலச் சீலையைக் குலதனமாக வைத்துச் சடங்குக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே கரையில் அவுரி ஏற்றிய நீலத்துணி ஆப்பிரிக்க மேற்குக் கரைக்குப் போய், அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கும் நாணயமாகப் புழங்கியது. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் நம் துணிக்கும் பங்குண்டு. இங்கே தொட்டியில் கையை விட்டவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் முன்பணக் கடனுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். சீலை எழுதியவர்களில் ஒருவர் பெயர்கூடக் கம்பெனிக் கணக்கில் கலைஞராக நிற்கவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. லங்காஷயர் மில் துணி வந்தது. சாயவேரின் சிவப்பை 1868-இல் வேதியியலார் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. தென்னார்க்காட்டு அவுரித் தொட்டிகள் வறண்டன. விதியின் குறும்பைப் பாருங்கள்: 1980-களில் கடலூரில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தபோது, அங்கே வந்த ஆலைகளில் செயற்கைச் சாயம் செய்பவையும் இருந்தன. குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் மூச்சுத் திணறலோடும் கெட்டுப்போன கிணறுகளோடும் நடத்தி வரும் போராட்டம் இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தில் ஆட்டுப் புழுக்கையாலும் வெயிலாலும் சாயம் போட்ட ஊர் இது.

இங்கே ஒரு கேள்வி வரலாம். வங்கத்துக்குக் காந்தா, லக்னோவுக்குச் சிக்கன், பஞ்சாபுக்குப் புல்காரி, கட்ச்சுக்கு ரபாரிகளின் கண்ணாடித் தையல் என்று ஊர் ஊருக்குப் பூத்தையல் பேர்போனதாக இருக்க, தமிழ்நாட்டுக்கு ஏன் அப்படி ஒன்று சொல்லிக்கொள்ள இல்லை? நீலகிரித் தோடர்களின் சிவப்பு-கறுப்புப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தருமபுரி சித்தேரி மலையடிவாரத்தில் லம்பாடிப் பெண்கள் தங்கள் தையலை மீட்டெடுத்திருக்கிறார்கள். இரண்டும் மலைச்சனங்களின், நாடோடிகளின் சொத்து. சமவெளித் தமிழர்கள் அலங்காரத்தைத் தறியிலேயே முடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். கரை, முந்தி, புட்டா எல்லாம் நெய்யும்போதே விழுந்துவிடும். தைக்காத புடவைக்கு ஊசி எதற்கு? தறியில் விழாததைச் சாயத்தால் எழுதினார்கள். ஊசிக்கு இருந்த ஒரே பெரிய வேலை கோயிலில்.

அந்த வேலையைச் சிதம்பரத்தில் பார்க்கலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் தேரோட்டம். மூலவரான நடராஜரே சபையை விட்டு இறங்கித் தேர் ஏறுவது இந்த ஊரின் சிறப்பு. விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் நான்கு வீதியும் சுற்றும். மரத்தில் செதுக்கிய அடித்தட்டுக்கு மேலே நாம் அண்ணாந்து பார்க்கும் உயரமெல்லாம் கட்டுமரமும் துணியும்தான். தேர்ச்சீலை, சுற்றித் தொங்கும் உருளையான தொம்பைகள், சாமிக்கு மேலே விதானம், குடை. வழியில் கஞ்சித்தொட்டி அருகே பர்வதராஜகுல மீனவர்கள் தங்கள் குலத்துப் பெண்ணான சிவகாமிக்கும் மாப்பிள்ளைக்கும் பட்டு சாத்திச் சீர் கொடுப்பார்கள். இதே வட்டாரத்தில் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்கு வரும்போது, தைக்கால் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் பட்டு சாத்தி வரவேற்கிறார்கள். சபைக்குள்ளே ரகசியம் என்று காட்டப்படுவதற்கு முன்னால் தொங்குவதும் ஒரு திரைதான். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. இந்த ஊரில் துணி இல்லாமல் சாமி இல்லை.

தஞ்சை வட்டாரத்துத் தேர்ச்சீலை வேலை ஒட்டுத் தையல். காடாத் துணியின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணியில் யாளி, கிளி, நந்தி, தாமரை என்று வெட்டி வைத்து, ஓரம் மடித்துத் தைத்து, வெள்ளை நூல்கயிற்றைக் கோடாகப் பதித்து உருவத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நாற்பது அடிக்குக் கீழே நிற்கிறவன் பார்த்து இது யாளி என்று சொல்ல வேண்டும். ஆரிக்காரம்மாவின் நுணுக்கம் இங்கே எடுபடாது. கண் மூக்கெல்லாம் பெரிசு பெரிசாக, துணிச்சலாக விழ வேண்டும். சிவகாமியம்மன் கோயில் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் வரிசை வரிசையாகக் கதை சொல்லும் விதத்தையும், ஆட்களின் உடையிலுள்ள பூவையும் கோட்டையும் பார்த்தால், சுவரில் எழுதியவனும் சீலையில் எழுதியவனும் ஒரே பாடம் படித்தவர்கள் என்று தெரிகிறது.

எழுதும் சீலைக்கு மிச்சமிருக்கும் இடமும் தொலைவில் இல்லை. கொள்ளிடத்தில் மேற்கே போனால், அரியலூர் மாவட்டத்தில் கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய அரசக் குடும்பத்துக்கென்றே அங்கே ஒரு புடவை நெய்தார்கள். பொன்னிழையை நெசவிலேயே பூவாகப் போட்டு, மீதி இடத்தில் மெழுகு வைத்து எழுதிச் சாயம் ஏற்றிய புடவை. தறியும் எழுதுகோலும் ஒரே துணியில் சேர்ந்தன. 1855-இல் தஞ்சை அரசு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் புடவைக்குக் கேட்பாரில்லை. அந்த நூற்றாண்டோடு அது முடிந்தது. நெய்யும் கை மறந்துபோனதால் முடியவில்லை. கேட்டு வாங்கிய ஒரே வாடிக்கையாளர் போனதால் முடிந்தது. அதே மரபில் கோயில் தொம்பையும் விதானமும் எழுதிக்கொண்டிருந்த கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைக் குடும்பங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. காரணம், கோயில் என்ற வாடிக்கையாளர் போகவில்லை.

இந்த எழுதும் சீலைக்கு, கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில், 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் குறியீடு போலியைத் தடுக்கும் சட்ட ஏற்பாடு, அவ்வளவே. அது யாருக்கும் கூலி தராது. விருது வாங்கிய கைவினைஞர் வீட்டுச் சுவரில் சான்றிதழ் தொங்கும், உள்ளே பிள்ளை வேறு வேலைக்குப் போயிருக்கும். இந்தக் காட்சி தமிழ்நாட்டில் எந்தக் கைத்தொழிலுக்கும் பொருந்தும். அரசு ஒவ்வொரு முறையும் பயிற்சி முகாம் நடத்துகிறது. பயிற்சி முடித்தவருக்கு யார் ஆர்டர் கொடுப்பது என்ற இடத்தில் கோப்பு மூடப்படுகிறது. ஆரி வேலையைப் பாருங்கள். எந்தத் திட்டமும் இல்லாமல், எந்தக் குறியீடும் இல்லாமல், கல்யாண வீடுகள் கேட்டதால் மட்டுமே தெருவுக்குத் தெரு முளைத்தது. ரசனை எப்படி என்பது வேறு விஷயம்; சமயத்தில் அந்த மணிகளின் பாரத்தில் மணப்பெண் கை தூக்க முடியாமல் திணறுவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர் இருந்தால் கை தானாக வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோயில்களில் இன்று என்ன நடக்கிறது? பல ஊர்த் தேர்களில் சாட்டின் துணியும், அச்சடித்த பாலியெஸ்டரும், ஏன், ஃபிளெக்ஸுமே ஏறிவிட்டன. தேர்ச்சீலை பெரும்பாலும் உபயதாரர் கொடுப்பது. உபயதாரருக்குத் தன் பெயரும் கடைப் பெயரும் பெரிதாகத் தெரிய வேண்டும், திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் சொன்னால் வந்துவிட வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும். மூன்றும் ஃபிளெக்ஸில் நடக்கும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேறு வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிய சீலையின் கீழ்க்கரையில் தமிழில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதித் தரலாம். கதைக்குக் கீழே எழுத்து வைப்பது அந்தக் கலையிலேயே உள்ள வழக்கம்தான். ஃபிளெக்ஸில் உள்ள பெயர் அடுத்த மாதம் யாரோ வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையாகிவிடும். பருத்தியில் எழுதியது பேரன் காலத்திலும் தேரில் ஏறும்.

இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இந்த மாவட்டத்திலேயே பாடலீசுவரர், திருவந்திபுரம் தேவநாதர், விருத்தகிரீசுவரர், பூவராகர் என்று பெரிய தேர்க் கோயில்கள் இருக்கின்றன. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரிடம் வாங்கு என்ற முறையில் கைத்தையலோ கைச்சித்திரமோ எந்நாளும் ஜெயிக்காது. கையால் தைத்தது, பருத்தி, இயற்கைச் சாயம், இத்தனை ஆண்டு பழுதுபார்ப்புப் பொறுப்பு என்று தரத்தை எழுதிவைத்துக் கேட்டால், ஃபிளெக்ஸ் அச்சகம் போட்டிக்கே வர முடியாது. சிதம்பரம் கோயில் அறநிலையத் துறையில் இல்லை. பொது தீட்சிதர்கள் நிர்வாகம். அவர்களை எந்த விலைப்புள்ளி முறையும் கட்டவில்லை. நடராஜர் தேருக்குக் கைவேலைச் சீலை மட்டும்தான் ஏறும் என்று அவர்கள் ஒரு வரி சொன்னால் போதும், உபயதாரர் வரிசையில் நிற்பார். எல்லாத் தேரிலும் எல்லாச் சீலையும் கலம்காரியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது கட்டுப்படியாகாது, ஆனி மாதத்துத் திடீர் மழைக்கும் தாங்காது. ஆண்டுக்கு ஒரு தேர், ஒரு சோடித் தொம்பை என்று முறைவைத்து மாற்றினாலே நான்கைந்து குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை. கூடவே ஒரு பெட்டியும் வேண்டும்: எலி புகாத, காற்றோட்டமான மரப்பெட்டி. நல்ல சீலைகள் பலவும் தேரிலேறிக் கிழிவதில்லை, கோயில் உக்கிராண மூலையில் சுருட்டிப் போட்ட இடத்தில்தான் மக்குகிறது.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. உலகத்துக்குச் சீலை ஏற்றிய துறைமுகம் இது என்று அங்கே வரும் பள்ளிப் பிள்ளைக்குப் புரிய, லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ அசலைக் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். போலியூ செய்ததையே நாமும் செய்யலாம். ஒரு சீலையை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொல்லி, கட்டத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்தால் போதும். வெளியே இரண்டு பாத்தியில் கடல்மணலைக் கொட்டிச் சாயவேர் வளர்க்கலாம். ஆரி கற்றுக்கொள்ளும் பெண்களில் கை ஓடுகிறவர்களை ஒட்டுத் தையலுக்கும் பழக்கலாம். அவர்களுக்கும் அது தேவைதான்; சூரத்திலிருந்து வரும் மெஷின் எம்பிராய்டரி ரவிக்கைத் துணி அவர்கள் கூலியை ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிவிட்டது.

உபயம் செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். எழுதும் சீலைக்கு வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கரையில் சாயம் காயாது. ஆனித் தேருக்கு வேண்டுமானால் தை பிறந்ததும் சொல்லிவிட வேண்டும், மாசி பங்குனி வெயிலில் வேலை நடக்கும். மார்கழித் தேருக்கென்றால் சித்திரையிலேயே. முன்பணம் பாதி கையில் கொடுத்தால்தான் துணியும் கடுக்காயும் வாங்க முடியும்.